நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் ஜெபராணி. வயது முப்பத்தாறு. அவரிடம் வென்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினைப் படிக்க வந்த சீடர் டாக்டர் குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. மனுஷன் ஒரே வாரத்தில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். மெஷின் மூச்சுக் கொடுக்கும் முறைகளில், அதாவது மோடுகளில், எதைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்.

அன்று காலை மூன்றாம் படுக்கை மெஷின் கத்தியது. நிமோனியாவில் ஆறு நாளாக மயக்கத்தில் கிடந்த லாரி டிரைவர் மாசானம் கண் முழித்துவிட்டார். முழித்தவர் தானாக மூச்சிழுக்கப் பார்த்தார். எல்லா மூச்சையும் தன் கணக்குப்படியே தள்ளிக்கொண்டிருந்த மெஷின் விடவில்லை.

குற்றாலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“முழு கண்ட்ரோல் மோடுல கச்சிதமா வச்சிருக்கேன் மேடம். நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு, ஒரு குறை உண்டா? இந்த ஆளு மெஷினோட மல்லுக்கு நிக்காரு. திரும்பத் தூங்க வச்சிரலாமா?”

தூங்க வைத்தால் தொண்டையில் குழாய் இன்னும் இரண்டு நாள் கிடக்கும். புருஷன் எப்போது முழிப்பார் என்று ஆறு நாளாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் பேச்சியம்மாள்.

ஜெபராணி நர்ஸைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், மெஷினைக் கழற்றிட்டுக் கையால அமுக்குற மூச்சுப் பையை மாட்டுங்க. அவர் இழுக்கும்போது மட்டும் அமுக்கணும்.”

பிறகு, சும்மா நின்ற வேறொரு மெஷினை இழுத்துவந்தார். குற்றாலிங்கத்தின் மூக்கில் ஒரு கிளிப், வாயில் ஒரு குழாய்.

“உங்க செட்டிங்தான் சார். அனுபவிங்க.”

முதல் மூச்சு சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவதை அவர் விடப் பார்த்தார், மெஷின் உள்ளே திணித்தது. இழுக்கப் பார்த்தார், அடைத்துக்கொண்டது. முழி பிதுங்கியது. கையைக் காலை உதறினார். மெஷின் ஊரைக் கூட்டியது.

“சிஸ்டர், சாரும் மல்லுக்கு நிக்காரு. தூக்க ஊசி ஒண்ணு எடுத்து வைங்க.”

குற்றாலிங்கம் குழாயைப் பிடுங்கி எறிந்தார். “அய்யய்யோ, வேண்டாம் தாயி!”

மூச்சிரைக்க ஓடிப்போய் மாசானத்தின் மெஷினைத் தன் கையாலேயே மாற்றினார். இனி மூச்சை மாசானம் தொடங்குவார், மெஷின் தாங்கிக்கொடுக்கும். மாட்டியதும் சத்தம் அடங்கியது. பேச்சியம்மாளை உள்ளே விட்டார்கள். மாசானம் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் படித்த புத்தி போகுமா? பேனாவை எடுத்தார்.

“எல்லாத்துலயும் எந்த மோடு உசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம், எழுதிக்கிடுதேன்.”

“என்னை எதுக்குக் கேக்கீங்க சார்? மூச்சு விடுறவருதான் முழிச்சிருக்காரே.”