வெள்ளக் காப்பு

தாழைநாடு பேருக்குத்தான் நாடு. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டல் பூமி அது. பேரரசர் எங்கோ தொலைவில் இருந்தார். அவருக்குப் பதிலாக அங்கே ஆட்சி செய்தவர் மழவராயர்.

மற்ற நாட்களில் அவருக்கும் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. வரி வாங்கலாம், வழக்குக் கேட்கலாம். மீதியெல்லாம் நாட்டார் சபை கூடிச் சொல்வதுதான். ஆனால் வெள்ளம் வந்துவிட்டால் கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதற்காக அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆறு கரையின் தலையைத் தொட்டதும் நாட்டார் ஓடி வந்து, மஞ்சளில் நனைத்த நூலால் ராயர் மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். காப்பு இருக்கும்வரை அவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. யார் படகையும் எடுக்கலாம், எந்தக் களஞ்சியத்தையும் திறக்கலாம். வெள்ளம் வடிந்ததும் கட்டியவர்களே வந்து அவிழ்ப்பார்கள்.

அந்த ஐப்பசி வெள்ளத்தில் மழவராயர் கண்ணை மூடவில்லை. மீனவர் படகுகளை எல்லாம் பிடித்துப் போட்டு ஆட்களை ஏற்றி மேட்டுக்கு அனுப்பினார். தன் வயல் பிழைத்தால் போதும் என்று எதிர்க்கரையை வெட்டப் பார்த்தவர்களும் இருந்தார்கள். "என் உத்தரவு இல்லாமல் கரையில் கை வைத்தால், கை இருக்காது" என்று பறையறையச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அவர் மட்டும் இல்லையென்றால் பாதி நாடு கடலுக்குப் போயிருக்கும்.

தண்ணீர் அரைக்கரைக்கு இறங்கியது. நாட்டார் காப்பை அவிழ்க்க வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க. கார்த்திகை மழை பாக்கி இருக்கு" என்றார் ராயர்.

மறுபடி வந்தார்கள். ராயர் ஓய்வில் இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் அவருக்கு ஓய்வும் இல்லை, உறக்கமும் இல்லை. கூரையில் நாலு துளி விழுந்தால் எழுந்து வாசலுக்கு ஓடினார். படகுகள் இன்னும் அவர் துறையிலேயே கட்டிக் கிடந்தன. மீனவர் வீடுகளில் அடுப்புப் புகையவில்லை என்று காதில் விழுந்தது. அதையும் கேட்காததுபோல் இருந்தார்.

கடைசியில் மனம் தாளாமல் சடையம்மையைப் பார்க்கப் போனார்.

ஆற்றங்கரையை ஒட்டி ஒரு குடிசையில் இருந்தார் சடையம்மை. ராயரைவிட வயதில் இளையவர். ஆனாலும் பதவிக்கு வருமுன்பே ராயர் குரு என்று கும்பிட்டது அவரைத்தான். இப்போதும் குனிந்துதான் உள்ளே போனார். குடிசை வாசல் அவ்வளவு தாழ்வு.

"வாங்க ராயரே. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

"அம்மா, இந்தக் காப்பை இன்னும் எத்தனை நாள் வச்சிருக்கலாம்? நீங்க சொன்னா நாட்டார் கேப்பாங்க."

சடையம்மை அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது நூல் இல்லையே. பட்டு."

"பழசு நைஞ்சு போச்சும்மா. வீட்டுல ஒண்ணு திரிச்சுக் கட்டச் சொன்னேன்."

"நையற நூலாப் பாத்துத்தானே கட்டினாங்க?"

ராயர் கையை இழுத்துக்கொண்டார். முகம் சுண்டிவிட்டது. தப்பு செய்தவனுக்கு வரும் கோபம் அவருக்கும் வந்தது.

"வெள்ளம் திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, அந்த நாட்டாரா?"

"வந்தா மறுபடி கட்டுவாங்க."

"அதுக்குள்ள ஊர் போயிடும்."

"போன தடவை போச்சா?"

"இல்ல."

"நாட்டார் எதுக்காகக் கட்டினாங்க ராயரே?"

"வெள்ளத்துக்காக."

"இப்போ எதுக்காகக் கட்டியிருக்கீங்க?"

ராயர் வாசல் வழியாக வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வந்துடுமோன்னு பயமா இருக்கும்மா."

"வெள்ளம் வடிஞ்சா கரையில கோடு தெரியும். பயம் வடிஞ்சா எங்கே தெரியும்?"

சடையம்மை எழுந்தார்.

"வாங்க, கொஞ்சம் நடப்போம். உள்ளே புழுங்குது."

இருவரும் கரை மேல் நடந்தார்கள். ஆறு அரைக்கரையில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தூரத்தில் ஒருவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வயல் பக்கச் சரிவையே வெறித்துப் பார்த்தபடி நின்றான். பக்கத்து ஊர் மூக்கன். அவன் காலடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

ராயர் ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். அது நண்டு வளை. ஆற்றுப் பக்கம் நண்டு குடைந்த பொந்து வயல் பக்கம் வரை ஓடிவிட்டால் கரை தாங்காது. தண்ணீர் தெளிவாக வந்தால் பிழைக்கலாம். இது சேறாக வந்தது. கரை உள்ளே கரைந்துகொண்டிருந்தது.

"ஏன்டா, கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது எசமான். விடிஞ்சதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டு நிக்கிறியா? அடைக்கிறதுக்கு என்ன கேடு?"

மூக்கன் பயந்து மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"கரையில கை வச்சா கை இருக்காதுன்னு பறையறைஞ்சீங்களே எசமான். என் தம்பி உத்தரவு கேக்க அரண்மனைக்குப் போயிருக்கான். வாசல்ல பெரிய கூட்டமாம், இன்னும் ஆளைக் காணோம்."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிவில் ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. விரல் தடிமன் கைத் தடிமனாயிற்று.

தாழைநாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்ன செய்ய வேண்டும் என்று. வளையைக் கண்டவர் யாராக இருந்தாலும் ஆற்றுக்குள் இறங்கி, தண்ணீர் சுழிக்கும் இடத்தில் குதிகாலை வைத்துக் கூச்சல் போட வேண்டும். காலங்காலமாக அந்தக் கரை நின்றது அப்படித்தான். ராயர் தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். மார்பளவு தண்ணீர். இழுப்பு பலமாக இருந்தது. காலால் துழாவி, சுழியைக் கண்டுபிடித்து, குதிகாலை அழுத்தினார். வயல் பக்கம் ஊற்று மெலிந்தது.

"ஓடுடா! வைக்கோல் கொண்டா, களிமண் கொண்டா. எல்லாரையும் கூப்பிடு!"

"உத்தரவு..."

"ஒரு உத்தரவும் வேண்டாம்! இனிமே யாரு வேணும்னாலும் கரையைத் தொடலாம்னு கத்திக்கிட்டே போ. நாட்டாரையும் வரச் சொல்லு."

மூக்கன் தலைதெறிக்க ஓடினான். சடையம்மை சரிவில் உட்கார்ந்து, ராயர் சறுக்கிவிடாமல் ஒரு கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தூறல் தொடங்கியது. ராயரின் பற்கள் அடித்துக்கொண்டன.

"அம்மா, இந்தக் கரையில இதுமாதிரி எத்தனை வளை இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? பாத்து அடைக்க வேண்டியவங்க எல்லாம் உங்க வாசல்ல நிக்கிறாங்க."

ராயர் மற்றொரு கையை வாயருகே கொண்டுபோய்ப் பட்டு முடிச்சைப் பல்லால் கடித்தார்.

"அதை விடுங்க. கொடுத்தவங்க வரட்டும்."

அவர் கையை இறக்கினார். தூரத்தில் ஆட்களின் குரல் கேட்டது. இன்னும் வெகுதூரம். காலுக்கடியில் மண் மெல்ல நழுவுவதை உணர்ந்து இன்னும் அழுத்தி நின்றார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் அவர் வாயில் வந்தது.

"அவங்க வந்து அவிழ்த்துடுவாங்க. சரி. அடுத்த வெள்ளத்துல எனக்குக் கட்டாம வேற எவனுக்காவது கட்டிட்டாங்கன்னா? அப்போ நான் என்னம்மா செய்வேன்?"

சடையம்மை தண்ணீருக்குள் அவர் கால் இருந்த பக்கம் பார்த்தார்.

"இதையேதான் செய்வீங்க. கரைக்கு ஒரு கால் கூடும்."