இன்ஜினை அதட்டப் போன முதலாளி

தூத்துக்குடி கஸ்பார் முதலாளி, மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்திகளைத் தன் புதுப் பாய்மரப் படகில் கடல் சுற்றிக் காட்டக் கிளம்பினார். தளத்திலிருந்த இன்ஜின் அறையின் காற்றுத் துளைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று, பளபளக்கும் பித்தளைத் தகடுகளால் அவற்றை மூட வைத்திருந்தார்.

நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. இன்ஜினைப் போட்டார்கள். அது சூடேறி, இருமி இருமி நின்றுபோனது. படகு ஆட்கள் தகடுகளைக் கழற்றப் போனார்கள்.

"தகட்டைத் தொட்டா கையை முறிச்சிருவேன். இன்ஜினும் ஓடணும். இல்லேன்னா ஒருத்தனுக்கும் வேலை கிடையாது!" என்று முதலாளி குதித்தார்.

சமையற்காரன் இஞ்ஞாசி கரண்டியும் கையுமாக வந்தான். "எங்க பேச்சை அது எங்க கேக்குது முதலாளி? நீங்களே உள்ள போயி ஒரு அதட்டு போடுங்க."

சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மீசையை முறுக்கியபடி உள்ளே இறங்கினார். இஞ்ஞாசி கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

முதல் அதட்டல் கம்பீரமாகக் கேட்டது. அடுத்ததில் இருமல் கலந்தது. பிறகு கதவு படபடவென்று அதிர்ந்தது.

"மூச்சு முட்டுதுடா! தகட்டை எடுங்கடா!"

"இன்ஜினும் அதைத்தான் சொல்லிச்சு முதலாளி," என்று இஞ்ஞாசி தகடுகளைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தான்.

கரி அப்பிய முகத்தோடு முதலாளி வெளியே வந்தார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்குச் சம்மதம். கல்யாண மண்டபத்தை மட்டும் நாங்க பாக்குறோம். ஜன்னல் வச்சதா பாக்குறோம்."