கலங்கலில் தண்ணீர் போகிறதா?

குலசேகரன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். ரிட்டயர் ஆன மனுஷன் அப்படி ஏறக் கூடாதுதான். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் முழங்காலாவது, மூச்சிரைப்பாவது!

"அம்மா! மாட்டிக்கிட்டான்! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

மாவு மில்லுக்கு மேலே இருந்த அந்தக் கூடத்தில் மங்கையர்க்கரசி தரையில் கிடந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். தன்னைவிட இருபது வயது இளையவரைக் குலசேகரன் குரு என்றுதான் சொல்வார், அம்மா என்றுதான் கூப்பிடுவார். கீழே தொங்கும் பலகையில் 'காலை ஆறு மணி. வந்து உட்காரலாம்' என்பதைத் தவிர வேறு ஒரு எழுத்து கிடையாது. முதல் நாள் வந்தபோது, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். "உட்கார்ந்து பாருங்க, பிடிக்கலைன்னா எழுந்து போயிடுங்க" என்று பதில் வந்தது. இவரும் உட்கார்ந்தார். இன்னும் எழுந்து போகவில்லை.

"யாரு மாட்டினாங்க?" என்றார் மங்கையர்க்கரசி. "இந்த முனையைப் பிடிங்க."

குலசேகரன் ஒரு கையால் பாயைப் பிடித்தார். இன்னொரு கையில் பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன்.

"டாக்டர் பூவராகன்!"

வெண்ணிப்பாக்கம் ஏரிக்கரைக் காலனியில் அந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. ஆளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் மும்பையில் இருந்தார். ஆனால் காலனியின் வாட்ஸ்அப் குழுவை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை. 'காலை வணக்கம்' போட்டாலும் கீழே ஒரு வால் இருக்கும்: 'டாக்டர் வ. பூவராகன், எம்.டெக்., பிஎச்.டி. (நீரியல்), தங்கப் பதக்கம்.' யாராவது செத்துப்போனால் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போடுவார். அதற்குக் கீழேயும் தங்கப் பதக்கம். துக்க வீட்டுக்கு யாராவது பதக்கத்தை மாட்டிக்கொண்டு போவார்களா, சொல்லுங்கள்!

குலசேகரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் க்ளெய்ம் பிரிவில் இருந்தவர். யார் எதை நீட்டினாலும் முதலில் முத்திரையைப் பார்த்துப் பழகிய கண் அது.

இப்போது விஷயம் வெறும் எரிச்சலோடு நிற்கவில்லை. மூன்று நாளாக விடாத மழை. கடைசித் தெருவுக்குப் பின்னால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. காலையில் யாரோ குழுவில், 'வீட்டைக் காலி பண்ணலாமா?' என்று கேட்டார்கள். பூவராகன் உடனே பதில் போட்டார்: 'கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாளை இரவு வரை ஏரிக்கு ஒன்றும் ஆகாது. யாரும் எங்கும் போக வேண்டாம்.' கீழே வழக்கமான வால். குழு முழுக்கக் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்துவிட்டார்கள்.

குலசேகரன் வீடு கடைசித் தெருவில், தரைத்தளம். உள்ளே கட்டிலில் அவருடைய அக்கா அஞ்சுகம். குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு.

"அவன் சொன்னதை நம்பித்தான் அக்காவை அங்கேயே வச்சிருக்கேன். அவன் டுபாக்கூரா இருந்தா என் அக்கா கதி என்னம்மா? சர்டிபிகேட்டைக் காட்டுன்னு கேட்டேன். இதுவரைக்கும் வாயே திறக்கலை. ஒருத்தர் நெசமாவே படிச்சவரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

மங்கையர்க்கரசி கடைசிப் பாயைக் கட்டி அலமாரி மேல் ஏற்றினார்.

"ஏரித் தண்ணி இப்ப எங்க நிக்குது?"

"குரூப்ல யாரோ படம் போட்டிருந்தாங்களே..."

"அது நேத்துப் படம்." அவர் குடையை எடுத்தார். "நான் போய்ப் பார்த்துட்டு வரேன். நீங்களும் வரீங்களா?"

குலசேகரனும் கிளம்பத்தான் கிளம்பினார். ஒரு கால் படியில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து செல்போன் சிணுங்கியது. பூவராகன் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

"நீங்க முன்னால போங்கம்மா. இதோ, பின்னாலேயே வந்துடறேன்."

பின்னாலேயே போகவில்லை.

சான்றிதழின் படம் வந்து விழுந்ததும் குழு இரண்டாகப் பிளந்தது. 'டாக்டரையே சந்தேகப்படுவதா?' என்று ஒரு கட்சி, 'முத்திரை மங்கலாக இருக்கிறதே' என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத் தலைவர் குலசேகரன். படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். நடுவில் பூவராகன் வேறு என்னவோ கேட்டார். 'பேச்சை மாற்றாதீர்கள்!' என்று ஒரே அதட்டு. பழைய சிநேகிதரைப் பிடித்து, சான்றிதழ் தந்த பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கும் அவர் மருமகனைப் பிடித்து, 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கெஞ்சிவிட்டுக் காத்திருந்தார். இருப்புக்கொள்ளவில்லை. வாலிப வயசில்கூட யாருடைய பதிலுக்கும் அப்படித் தவித்ததில்லை.

கடைசியில் மருமகன் கூப்பிட்டார். "சார், எல்லாம் ஒரிஜினல். தங்கப் பதக்கமும் நெசம்தான்."

குலசேகரனுக்கு முகம் தொங்கிப்போனது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஒரு துள்ளல்! படித்தவர் என்றால் கணக்கும் சரியாகத்தானே இருக்கும்? அக்காவுக்கு ஆபத்தில்லை! தோற்றதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

தெருவில் ஏதோ சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

கணுக்கால் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அஞ்சுகம் அக்கா, மாவுக்கட்டின் மேல் பாலித்தீன் உறையோடு, குடையும் கையுமாக, எல்லாரையும் திட்டிக்கொண்டு. மில்காரரும் இரண்டு அண்டை வீட்டுக்காரர்களும் தூக்கிவந்தார்கள். நாலாவது காலைப் பிடித்திருந்தவர் மங்கையர்க்கரசி.

குலசேகரன் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் கத்தியது. "அம்மா! அவர் நெசமான டாக்டர்தான்! விசாரிச்சுட்டேன்!"

"சந்தோஷம். இந்த முனையைப் பிடிங்க."

"பாவிப்பயலே!" என்றாள் அக்கா. "தண்ணி கட்டில் காலைத் தொடுது. எத்தனை தடவைடா உனக்குப் போன் பண்றது? பிஸி, பிஸின்னே சொல்லுது. அப்படி யாரோடடா கொஞ்சிக்கிட்டிருந்த?"

குலசேகரன் குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்தார். முகத்தில் பயம் பாதி, வெட்கம் பாதி.

அக்காவைக் கூடத்தில் இறக்கி வைத்த மறுநிமிஷம் செல்போன் அடித்தது. பூவராகனே பேசினார்.

"குலசேகரன் சார்தானே? சர்டிபிகேட்டைப் பார்த்தாச்சா? திருப்தியா? இப்பவாவது சொல்லுங்க, கலங்கல்ல தண்ணி போகுதா?"

"எதுல?"

"கலங்கல் சார், கலங்கல்! ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளியே போற இடம். அது திறந்திருக்குன்னு வச்சுத்தான் நான் கணக்குப் போட்டேன். அடைச்சிருந்தா என் கணக்கு குப்பைக்குத்தான் போகணும். எனக்குச் சந்தேகம் வந்து மத்தியானத்திலேர்ந்து குரூப்ல கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் பதில் சொல்லலை. எல்லாரும் என் சர்டிபிகேட்டையே உத்துப் பார்த்துக்கிட்டிருக்கீங்க!"

குலசேகரன் திரையை மேலே தள்ளிப் பார்த்தார். இருந்தது. இரண்டு வசவுகளுக்கு நடுவில், 'கலங்கலில் தண்ணீர் போகிறதா? யாராவது நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.' அதற்கு நேர் கீழே அவருடைய சொந்த அதட்டல்.

மங்கையர்க்கரசி செல்போனை வாங்கினார்.

"நான் பார்த்துட்டு வந்தேங்க. ஆகாயத்தாமரை வந்து முழுசா அடைச்சிருக்கு. சொட்டுத் தண்ணி போகலை. கரை தாழ்வா இருக்கிற இடத்துல ஏறித் தெருவுக்குள்ள இறங்குது. வழியில வீடு வீடாச் சொன்னேன். டாக்டரே பயமில்லைன்னுட்டாரேன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "நான் பார்க்காமச் சொல்லிட்டேன்மா" என்று மட்டும் கேட்டது.

உடனே குழுவில் ஒரு செய்தி வந்தது. 'காலையில் நான் சொன்னது தவறு. கலங்கல் அடைத்திருக்கிறது. கடைசி இரண்டு தெருக்காரர்கள் உடனே மாடிக்குப் போங்கள். பூவராகன்.'

அவ்வளவுதான். டாக்டர் இல்லை, எம்.டெக். இல்லை, பதக்கம் இல்லை.

பதில்கள் மளமளவென்று வந்தன.

'இது டாக்டர்தானா?'

'பட்டத்தைக் காணோமே!'

'போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். நம்பாதீர்கள்.'

'ஒரிஜினல் டாக்டர் வந்து சொல்லட்டும்.'

குலசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். 'அவர்தான்! நான் விசாரித்துவிட்டேன்!' என்று விரல் தடுமாற எழுதினார்.

'நீங்கள்தானே சார் அவரைப் போலி என்றீர்கள்?' என்று பதில் வந்தது.

குலசேகரன் எழுந்தார். "இந்தச் சனியனை நீயே வச்சுக்கோ" என்று செல்போனை அக்கா மடியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். தெருவில் குதித்தார்.

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தட்டினாரா, உடைத்தாரா என்று பிற்பாடு பஞ்சாயத்தே நடந்தது. "தண்ணி வருது! வெளியே வந்து பாருங்க! அட, வந்து பாருங்கய்யா!" தெருவில் நின்று சத்தம் போட்டறியாத மனுஷன், தொண்டை கிழியக் கத்தினார். கதவைத் திறந்தவர்கள் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்கள். பார்த்த உடனே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கலங்கலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூங்கில் கழி, கயிறு, கொக்கி, கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. பாதியில் நின்ற ஒரு கட்டடத்திலிருந்து யாரோ ஜேசிபியையே ஓட்டிவந்துவிட்டார்கள். மில்காரர் செல்போனிலிருந்து பூவராகன் மும்பையில் இருந்தபடி கத்தினார். "நடுவுல யாரும் நிக்காதீங்க! ஓரத்துலேர்ந்து இழுங்க! திறந்துக்கிட்டா ஆளை இழுத்துட்டுப் போயிடும்!" கலங்கலுக்குள் இறங்கப் போன குலசேகரன் அதைக் கேட்டுக் கரையேறினார். ஓரத்தில் நின்று கயிற்றை இழுத்தார். சட்டை கிழிந்தது, செருப்பு போனது. "இழு! இழு! விடாதே!" என்று எல்லாரையும் விரட்டினார்.

பச்சைத் திட்டு ஒரு பக்கமாக நெளிந்தது. அப்புறம் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் ஓவென்று பாய்ந்தது! கரையில் நின்ற அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். குலசேகரன் பக்கத்தில் நின்ற, முன்பின் பேசியறியாத ஆளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"போகுது சார்! கலங்கல்ல தண்ணி போகுது!" என்று செல்போனைப் பிடுங்கிக் கத்தினார்.

"தேங்க்ஸ் சார்" என்றார் பூவராகன். அழுகிற குரல் அது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மில் மாடி கல்யாண வீடு மாதிரி நிறைந்திருந்தது. ஈரத் துணிகள் கம்பியில் தொங்கின. அஞ்சுகம் அக்கா நாற்காலியிலிருந்தபடியே உப்புமாவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். தெருத் தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியிருந்தது.

குலசேகரன் தலையைத் துவட்டிக்கொண்டு மங்கையர்க்கரசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா திருப்பிக் கொடுத்த செல்போன் அவர் பையில் இருந்தது. அவர் குரு அண்டாவிலிருந்து உப்புமாவை எடுத்து இலை இலையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மத்தியானம் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

"என்ன கேட்டீங்க?"

"இவர் படிச்சவர்தான். ஆனா சொன்னது தப்பாப் போச்சு. நான் போலின்னேன். அதுவும் தப்பாப் போச்சு. இனிமே குரூப்ல ஒருத்தர் பேருக்குப் பின்னால பட்டம் போட்டுக்கிட்டு வந்தா, நம்பறதா, வேண்டாமா?"

மங்கையர்க்கரசி ஒரு இலையை அவரிடம் நீட்டினார்.

"மழை விட்டுடுச்சா?"

குலசேகரன் சட்டென்று செல்போனை எடுத்தார். வானிலைச் செயலியைத் தொட்டார். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம்மா. இதோ, வந்துடும்..."

அவர் குரு கரண்டியை நீட்டிக் காட்டினார்.

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்குங்க ஐயா."