கண் இல்லாத மண் முதலை

செம்பாறைக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. எந்த மூலையில் இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அதைப் பார்த்துச் சொல்வது ஆள்காட்டிக் குருவியின் வேலை. மஞ்சள் கால்களை ஊன்றிக் கரையில் நிற்கும். தண்ணீரில் எது அசைந்தாலும் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று கத்தும். குடித்துக்கொண்டிருக்கிற எல்லாரும் தலைதெறிக்க மேட்டுக்கு ஓடுவார்கள்.

அந்தக் கோடையில் ஆள்காட்டி தொடர்ந்து மூன்று நாள் கத்தியது. மூன்று நாளும் மிதந்து வந்தது வெறும் கட்டை.

"ஏய் ஆள்காட்டி! கட்டைக்கா இந்தக் கத்து? நாளைக்கு ஒரு சருகு மிதந்து வரும், சொல்லு, காட்டையே காலி பண்ணிடுறோம்!" என்றது குரங்கு.

காட்டெருமை வயிறு குலுங்கச் சிரித்தது. கரையே சிரித்தது. காவல் வேலை அப்படித்தான். ஒன்றும் நடக்காத நாளில் காவல்காரனுக்குக் கேலிதான் கிடைக்கும்.

நான்காம் நாள் மறுபடியும் ஒரு கட்டை. ஆனால் அது காற்றுக்கு எதிராக நகர்ந்தது. ஆள்காட்டி அலகைத் திறந்தது. குரங்கைப் பார்த்தது. அலகை மூடிக்கொண்டது.

புள்ளிமானின் குட்டி போய்விட்டது. ஒரு வாய், ஒரு வால் சுழற்சி. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஆள்காட்டிக்குக் குரல் எழவில்லை. கத்தப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. காவல் இல்லாத குளத்துக்கு யார் போவார்கள்? காய்ந்த ஓடையில் குழி பறித்து, ஊறுகிற கலங்கலைக் குடித்தார்கள். அந்த ஊற்றும் நாளுக்கு நாள் சுருங்கியது. அதுவும் வற்றினால், குரல் போன காவலை நம்பிக் குளத்தில் இறங்க வேண்டியதுதான்.

குழியிலிருந்து எடுத்த ஈர மண் ஓரத்தில் குவிந்து கிடந்தது. ஒருநாள் காலையில் புள்ளிமான் அதைக் குளம்பால் தள்ளித் தள்ளி என்னவோ செய்துகொண்டிருந்தது.

"என்ன மானக்கா பண்றீங்க?" என்றது குரங்கு.

"அந்த வாயைச் செய்றேன். கண்ணை மூடினா அதுதான் வருது. இனிமே உள்ள வச்சிருக்க முடியாது."

குரங்குக்குக் கேலி வரவில்லை. கருவேல முள்ளை ஒடித்து வந்து பல் நட்டது. "எனக்கு அந்த வால்!" என்று எருமை மண்ணை முட்டித் தள்ளியது. வந்தவர்கள் எல்லாரும் கண்டதைச் சேர்த்தார்கள். ஆள்காட்டி மட்டும் எட்டத்தில் ஒரு பாறைமேல் நின்றது.

சாயங்காலம் பார்த்தால், வாய் குகை மாதிரி இருந்தது. வால் ஓடை வளைவு வரை போனது. நடுவில் உடம்பு வைக்க இடமே இல்லை!

"இது எழுந்து நடந்தா, தன் வாலைத் தானே மிதிச்சுக் குப்புற விழும்!" என்றது குரங்கு.

எருமை சிரித்துவிட்டது. உடனே மானைப் பார்த்து அடங்கியது. ஆனால் மானும் சிரித்தது. பாதியில் அது அழுகையானது. அழுது முடித்து, "வாய் அவ்வளவு பெரிசு இல்லை. குறைச்சிடலாம்" என்றது.

கலைத்தார்கள். செய்தார்கள். திரும்பக் கலைத்தார்கள். மூன்றாம் நாள் அங்கே ஒரு முதலை கிடந்தது. முதலை அளவே இருந்த முதலை. அதன் பக்கத்தில் நிற்க முடிந்தது.

"கண்ணு இல்லையே!" என்றது எருமை.

கண்ணை யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லாரும் பாறைப் பக்கம் திரும்பினார்கள்.

பறந்து போய்விடலாமா? போனால் திரும்பி வரவே முடியாது. அது மெல்ல இறங்கி வந்தது. இரண்டு கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அலகில் கவ்வி வந்து, மண் முதலையின் தலைமேல், கிட்டக் கிட்ட வைத்தது.

"இப்படித்தான் இருந்தது. தண்ணிக்கு மேல ரெண்டு மேடு." குரல் கரகரத்தது. "கட்டையா முதலையான்னு பாதி சந்தேகம். ஆனா காத்துக்கு எதிரா வந்தது. அதைப் பார்த்தும் வாயை மூடிக்கிட்டேன். சிரிப்பீங்களேன்னு பயம்."

மான் தலை நிமிர்ந்தது.

"பார்த்தும் சொல்லலியா?" என்றது மான்.

"பார்த்தும் சொல்லலை, மானக்கா."

குரங்கு கைமண்ணைக் கீழே போட்டது. "முதல்ல சிரிச்சது நான்."

"அப்புறம் நான்," என்றது எருமை.

மான் மண் முதலையின் அருகே போனது. கூழாங்கல்லை மூக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு, "இந்தக் கண்ணு ஆடுது, ஆள்காட்டி. நல்லா அழுத்தி வை" என்றது.

மறுநாள் ஊற்று வற்றிவிட்டது.

வெயில் சாய்ந்ததும் குளத்துக்குப் போனார்கள். மான் முன்னால் இறங்கியது. ஆள்காட்டி கரையில் கால் ஊன்றியது. எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. நடுக்குளத்தில் கறுப்பாக ஒன்று. கட்டையா? எந்தப் பக்கம் நகர்கிறது என்று வைத்துச் சொல்லக் காற்றும் இல்லை. மான் தலையைக் குனிந்தது. ஆள்காட்டியின் தொண்டை அடைத்தது. அலகில் கவ்விய கல்லின் கனம் நினைவுக்கு வந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

தண்ணீர் சிதறியது. எல்லாரும் விழுந்தடித்து மேட்டில் ஏறினார்கள்.

பிறகு காற்று எழ, கறுப்பு மெல்ல மெல்லக் கரை ஒதுங்கியது. பனங்கட்டை!

ஆள்காட்டி தலையை இறகுக்குள் இழுத்துக்கொண்டது. எல்லாரும் குரங்கைப் பார்த்தார்கள். குரங்கு வாயைத் திறந்தது, மூடியது.

"நாளைக்கும் இப்படியே கத்து," என்றது.

மறுகரையோரம் தண்ணீர் ஒருமுறை சுழித்து அடங்கியது. மான் அதைப் பார்த்தது, ஆள்காட்டியைப் பார்த்தது, மறுபடி இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது.

தனியாக விழுங்கிய பயம் தொண்டையை அடைத்துவிடும். பலர் சேர்ந்து அதற்கு ஓர் உருவம் செய்து வெளியே வைத்தால், அடைத்த தொண்டையும் திறக்கும்.