பாதிக் கூடும் ஈர மண்ணும்

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தூக்கணாங்குருவியின் கூட்டில் மண் கிடையாது. மண் குளவிகளின் வேலை என்று அது ஒதுக்கி வைத்திருந்தது.

வாய்க்கால் கரைப் பனை ஒன்றில் பொன்னையன் என்ற ஆண்குருவி கூடு கட்டி வந்தான். மலையடிவாரத்திலிருந்து நாணல் கொண்டுவருவான். ஆற்றைத் தாண்டிப் போய் இலவம்பஞ்சு எடுத்து வருவான். கூடு தொங்குவதென்னவோ பனையோலையில். அந்த ஓலையிலிருந்து ஒரு நார்கூட அவன் கிழித்ததில்லை. காலடியில் கிடப்பதை வைத்துக் கட்டினால் யார் மதிப்பார்கள்?

அவன் துணை தாயம்மைக்கு இதெல்லாம் பொருட்டில்லை. போன ஆண்டு ஆடிக் காற்றில் கூடு தலைகீழாகச் சுழன்று, அவள் இட்ட முட்டைகள் வாய்க்காலில் விழுந்தன. இந்த ஆண்டும் காற்று தொடங்கிவிட்டது. அவள் வயிறு கனத்துவிட்டது.

வாசல்வரை முடித்த புதுக்கூட்டுக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் பொன்னையன்.

"பஞ்சு மெத்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடுதே."

"தொங்குறது ஆடத்தான் செய்யும்."

"அப்ப நீங்களே உள்ள இருந்து முட்டை போடுங்க." பறந்துவிட்டாள்.

பனையின் அடிமரத்தில் மண்கூடு கட்டிக்கொண்டிருந்த குளவி சிரித்தது. "என்ன கொழுந்தனாரே, இதுவும் போச்சா?"

"மதினி, நீங்க உங்க மண்ணை உருட்டுங்க."

"உருட்டுதேன். ஒட்டினது நிக்குதுல்லா?"

இது தாயம்மை வேண்டாமென்று தள்ளிய முதல் கூடும் அல்ல. மறுநாள் பொன்னையன் மலைப்பக்கம் கிளம்பினான்; சிறகு எழவில்லை. பாதி வழியில் திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த பனையோலையையே கிழித்தான். கீழே வயலில் நெல்தாளைக் கிழித்தான். கவிழ்த்த சட்டி போலக் கூடு பாதி உருவானதும் அதற்கு மேல் முடியவில்லை.

தண்ணீர் குடிக்க வாய்க்காலில் இறங்கினான். கால் சறுக்கி அலகு சேற்றில் புதைந்தது. கழுவிக்கொள்ளவும் அலுப்பாக இருந்தது. அப்படியே மேலேறி, பாதிக் கூட்டின் உள்சுவரில் அலகைத் துடைத்தான். வெயிலில் மறுபடி தாகம், மறுபடி சேறு, மறுபடி துடைத்தான். தெரிந்து செய்தானா, சலிப்பில் செய்தானா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தான். அவனுக்கே விளங்கவில்லை.

பிற்பகலில் காற்று வீசியது. அவன் பழைய கூடுகள் பம்பரமாகச் சுழன்றன. பாதிக் கூடு மெல்ல அசைந்து நின்றது. பொன்னையன் சுவரில் காய்ந்திருந்த மண்ணை வெகுநேரம் பார்த்தான். பிறகு கூச்சத்தோடு கீழே வந்தான்.

"மதினி, நல்ல மண்ணு எங்க கிடைக்கும்?"

குளவி இம்முறை சிரிக்கவில்லை. "நான் மட்டும் சீமைக்கா போயிட்டு வாரேன்? உங்க காலுக்குக் கீழ பாருங்க."

அலகு அலகாக எடுத்து வந்து இரு பக்கமும் அப்பினான். தாயம்மை வந்தாள்.

"முடிக்கலியா?"

"முடியல."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். காற்று வந்தது. போனது. பெருங்காற்று ஒன்று பனையையே வளைத்தது. அவள் வெளியே வரவில்லை.

"வாசலைக் கட்டுங்க. நேரமில்லை" என்று குரல் மட்டும் வந்தது.

மண் பிடித்துப்போய் உட்கார்ந்தாளா, பார்த்துப் பார்த்து அவளும் ஓய்ந்துபோனாளா? கேட்க வாயெடுத்தான். கேட்காமல் நார் கிழிக்கப் போனான்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டிலேயே நிறுத்தி, உள்ளே ஈர மண்ணை அப்பிவிட்டு, பெண்குருவி வந்து உட்கார்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறது. அவள் உட்காராமல் போனால், அந்தக் கூட்டை அப்படியே தொங்கவிட்டு அடுத்த ஓலைக்குப் போகிறது.