யாரோ கை வைத்த கணினி

வெள்ள ஆய்வுக்கூடத்தின் பெரிய லினக்ஸ் கணினி ஜெபசெல்வியின் பொறுப்பில் இருந்தது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஐம்பதைத் தாண்டிய தவசிலிங்கம் அவளிடம்தான் லினக்ஸ் கற்றார். அதனால் அவளைக் குரு என்பார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

ஒரு நாள் காலையில் வந்தார். சட்டைப் பையில் ஒரு கடிதம்.

"குருவே, யாரோ கை வச்சிட்டாங்க."

"எதுல சார்?"

"என் வெள்ளக் கணிப்புல. ஒரு வருஷமா ஒழுங்கா ஓடினது. இப்ப மூணே வினாடி. செக்மென்டேஷன் ஃபால்ட்டுன்னு சொல்லிட்டுச் செத்துப்போகுது."

"யாரோன்னா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முபீனா. செவ்வாய்க்கிழமை நாம எல்லாரும் ஓட்டற நிரலோட புதுப் பதிப்பை ஏத்தினா. புதன்கிழமை என்னுது விழுந்துச்சு. அவளுது மட்டும் ஜம்முனு ஓடுது. நான் போனா திரையை வேற மாத்திடறா."

"சேலை பாத்துட்டு இருந்திருப்பா."

"சிரிக்காதீங்க. அவளை இந்தக் கணினிப் பக்கமே விடக்கூடாதுன்னு தலைவருக்கு எழுதியாச்சு. நாலு மணிக்குக் குடுக்கப்போறேன்."

ஜெபசெல்வியின் சிரிப்பு நின்றது. முபீனாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று தலைவர் யோசித்துக்கொண்டிருந்தார். இது இருவருக்கும் தெரியும்.

அவள் கணினியில் புதிதாக ஒரு பயனரைச் சேர்த்தாள். பெயர் கேட்டது. 'யாரோ' என்று அடித்தாள்.

"என்ன குருவே இது?"

"நீங்க சொன்ன ஆள்தான்."

அவருடைய கோப்புகளை அந்தப் பெயரில் ஓட்டினாள். மூன்று வினாடி. முப்பது வினாடி. திரையில் ஆற்றுநீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"யாரோ ஓட்டினா ஓடுது, சார்."

"பாத்தீங்களா! என் பேருக்குன்னே ஏதோ வச்சிருக்கா."

"சரி, உங்க பேர்ல உள்ள வாங்க. நிரல் தனக்கு வேண்டிய துணை நிரல்களை, அதான் நூலகங்களை, எங்கேருந்து எடுக்குதுன்னு கேளுங்க."

கட்டளை அடித்தார். வரிகள் இறங்கின. எல்லாம் பொது இடத்திலிருந்து வந்தவை. ஒன்று மட்டும் வேறு.

"இது என்ன?"

"பழைய பதிப்பு. புது நிரலுக்கு ஆகாதே இது."

"எங்கேருந்து வருது?"

இரண்டு முறை படித்தார். லினக்ஸில் அவரவர் இடத்துக்கு வீடு என்றே பெயர்.

"என் வீட்டுலேருந்து."

"முபீனாகிட்ட சாவி இருக்கா?"

"என் கடவுச்சொல் என் சம்சாரத்துக்கே தெரியாது."

"அப்ப வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

அவர் உள்ளே நுழைந்ததும் கணினி முதலில் படிக்கும் கோப்பைத் திறந்தார். அதில் ஒரு வரி: எதற்கும் முதலில் பழைய நூலகத்தைத் தேடு. அதன் மேலே போன வருஷத் தேதி. ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு.

'தற்காலிகம். அப்புறம் எடுக்கணும். தவசி.'

வரியை எடுத்தார். ஓட்டினார். ஓடியது. திரையில் தண்ணீர் ஏறியது. பிறகு கடிதத்தை வெளியே எடுத்தார்.

"இதை என்ன பண்றது குருவே?"

அவள் வாங்கி முழுதும் படித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள். அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். பேரை மட்டும் மாத்திக் குடுங்க."