கரடியின் தீபாவளிச் சட்டை

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தாறு.

கோத்தகிரியில் ஒரு கம்பளி நூல் கடையின் மாடியறையில் ஹேமலதா பின்னல் சொல்லிக்கொடுத்தாள். எட்டுப் பெண்களுக்கு நடுவே மாசிலாமணி ஒருவர்தான் ஆண். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்திருக்கிறார்.

பேத்தி தீபாவளிக்கு வருகிறாள். வேட்டி சட்டை போட்ட கரடிப் பொம்மை வேண்டும் என்று போனில் கேட்டாள். நானே பின்னித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகன் போனை வாங்கினான்.

"கடையில வாங்கிட்டு, நீங்க பின்னினதா சொல்லிடாதீங்கப்பா. அவ நம்பிடுவா. நான் நம்ப மாட்டேன்."

மறுநாளே வகுப்பில் சேர்ந்தார். மூன்று மாதத்தில் கரடியை ஏழு தடவை பின்னிப் பிரித்தார். முதல் கரடி எலியாக வந்தது. மூன்றாவதைப் பார்த்து ஒரு பெண், "எங்க மாமனார் மாதிரியே இருக்கு" என்றாள். அதையும் பிரித்தார். எட்டாவதுதான் கரடி.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை வகுப்பில், தான் பின்னிய வேட்டி சட்டையை அதற்கு உடுத்திப் பார்த்தார். ஜரிகைக் கரை வேட்டி கச்சிதமாக இருந்தது. மஞ்சள் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முழுக்கைக்குள் கரடியின் கைகள் காணாமல் போயின.

ஹேமலதா கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அளவு எடுத்தீங்களா சார்?"

"எடுத்தேன் டீச்சர். மார்பு பதினெட்டு சென்டிமீட்டர்."

"சட்டை?"

"இருபத்தாறு."

"ஏன்?"

மாசிலாமணி யோசிக்கவேயில்லை.

"வளர்ற பிள்ளை இல்லையா?"

அறையில் எல்லா ஊசிகளும் நின்றன. தான் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"நிலத்தையும் இப்படித்தான் கூட்டி அளந்தீங்களா?"

"நிலம் வளராது டீச்சர்."

"கரடி?"

அவர் கரடியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பழக்கதோஷம். பையனுக்கு எல்லாத் தீபாவளிக்கும் இப்படித்தான் எடுப்பேன். ரெண்டு வருஷம் போடட்டும்னு."

"போட்டாரா?"

"அளவா வர்றதுக்குள்ள கிழிஞ்சிடும். பசங்க அவனைத் தலையணை உறைன்னு கூப்பிடுவாங்க. இப்பவும் சொல்லிக் காட்டுவான்."

பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகனும் பேத்தியும் சாயங்கால பஸ்ஸில் வருகிறார்கள். அப்போது மணி பதினொன்று. மாசிலாமணி சட்டையைக் கழற்றி நூலின் நுனியைத் தேடினார்.

"என்ன பண்றீங்க சார்?"

"பிரிச்சிடறேன். சாப்பிடாம உட்கார்ந்தா அஞ்சு மணிக்குள்ள வேற பின்னிடலாம். எல்லாம் சரியா இருந்தாத்தான், நான் பின்னினதுன்னு அவன் நம்புவான்."

ஹேமலதா சட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். கரடிக்கு மறுபடி மாட்டினாள். முழுக்கையை இரண்டு மடிப்பாக மடித்துவிட்டாள். கரடியின் கைகள் வெளியே வந்தன.

"இப்படியே கொண்டுபோங்க" என்றாள். "யார் பின்னினதுன்னு உங்க பையன் கேட்கவே மாட்டார்."